பேசியது நீங்களா, குழுவா, திட்டமா?

இந்த முறை பதிலுக்கு எடுத்துக்கொண்ட கடிதம் லினக்ஸ் பயனர் குழு ஒன்றை நடத்தும் வாசகருடையது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஒன்பது வருடங்களாக, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறார். நாற்பது பேர் உள்ள குழுவை ஒருங்கிணைக்கிறார். சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்ததால், இருக்கிற கணினிகளை என்ன செய்வது என்று கேட்டு ஒரு பள்ளி நிர்வாகம் ஆசிரியர்களையும் பெற்றோரையும் கூட்டியிருக்கிறது. இவரையும் பேச அழைத்தார்கள். லினக்ஸை மற்ற மென்பொருள்களோடு தொகுத்துத் தருவதை வழங்கல் என்பார்கள். தான் பயன்படுத்தும் வழங்கலின் சின்னம் போட்ட பேனரைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார். "இதில் வைரஸே வராது", "நீங்கள் இப்போது வைத்திருப்பது பிள்ளைகளை உளவு பார்க்கிற மென்பொருள்", "இதற்கு ஒரு காசு செலவில்லை, எல்லாம் வேலை செய்யும்" என்றார். நல்ல கைதட்டல். வந்திருந்த நிருபர் ஒருவர் அடுத்த நாள் செய்தியில் இவரை அந்த வழங்கலின் செய்தித் தொடர்பாளர் என்று எழுதிவிட்டார்.

பிறகுதான் சிக்கல். வழங்கலை நடத்தும் அமைப்பு, "எங்கள் பெயரில் பேச உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? சின்னத்தை நீக்குங்கள்" என்று மடல் அனுப்பியது. இவர் வேலை பார்க்கும் நிறுவனம், நிரலை வெளியே காட்டாத மூடிய மென்பொருள்களை விற்பது. அங்கேயும் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். பள்ளியில் சோதனைக்காக மாற்றிய மூன்று கணினிகளிலிருந்து பிரிண்ட் எடுக்க முடியவில்லை. குழுவில் பாதிப் பேர் "பின்வாங்காதே, இன்னும் உரக்கப் பேசு" என்கிறார்கள். மீதிப் பேர் பேசாமல் ஒதுங்கிவிடச் சொல்கிறார்கள். அவருடைய கேள்விகள்: "நிரல் எல்லாருக்கும் பொது என்றால் பெயர் மட்டும் எப்படி அவர்களுக்குச் சொந்தம்? நான் சொன்னதில் தப்பு என்ன? மன்னிப்புக் கேட்க வேண்டுமா? பேசுவதையே நிறுத்திவிடவா?"

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டாம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும், புதிய செயலி வேண்டும் என்ற நிபந்தனைகளால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற எத்தனையோ கணினிகள் குப்பைக்குப் போகும் நிலையில் இருக்கின்றன. இவற்றை இன்னும் பல வருடங்கள் ஓட்டலாம் என்று ஒரு பள்ளிக்குப் போய்ச் சொல்ல எந்த விளம்பர நிறுவனமும் வராது. உங்களைப் போன்றவர்கள் போனால்தான் உண்டு. நானும் லினக்ஸில்தான் வேலை செய்கிறேன். மென்பொருள் உரிமங்களும் வணிக முத்திரைகளும் என் தொழில். அதனால் இந்தப் பதிலை வழக்கறிஞராகவும் எழுதுகிறேன், நீங்கள் தொடர்ந்து பேச வேண்டும் என்று விரும்புகிறவனாகவும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று இடத்திலிருந்து மூன்று அடி விழுந்தது போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எல்லாம் ஒரே இடத்தில்தான் தொடங்குவதாகத் தெரிகிறது. அன்றைக்கு அந்த மேடையில் பேசுகிறவர் யார் என்பது கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. பேனரைப் பார்த்த நிருபர் நீங்கள் வழங்கலின் ஆள் என்று எடுத்துக்கொண்டார். செய்தியைப் படித்த வழங்கல்காரர்கள் நீங்கள் இல்லாத பொறுப்பைக் கையில் எடுத்ததாக நினைத்தார்கள். உங்கள் நிறுவனம் நம் ஊழியர் நம் தொழிலுக்கு எதிராகப் பேசுகிறார் என்று பார்த்தது. பள்ளியோ, ஒரு பெரிய அமைப்பே தங்களுக்கு உறுதி கொடுத்திருப்பதாக நம்பிவிட்டது. "நான் ஒரு பயனர், இந்தக் குழுவில் இருக்கிறேன், இந்த வழங்கலை உருவாக்குகிறவர்கள் சார்பில் பேசவில்லை" என்று முதல் நிமிடத்திலேயே சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி வந்திருக்காது.

நிரல் பொது, பெயர் பொது அல்ல

உங்கள் முதல் கேள்வியை இந்தத் துறை ஆர்வலர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்பார்கள். சட்டத்தில் இவை இரண்டு தனி உரிமைகள். ஜிபிஎல் போன்ற உரிமங்கள் பதிப்புரிமையைப் பற்றியவை. நிரலை ஓட்டலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்கின்றன. பெயரும் சின்னமும் டிரேட்மார்க் எனப்படும் வணிக முத்திரையில் வருபவை. இந்தப் பெயர் இருந்தால் அது இவர்களிடமிருந்து வந்தது என்று மக்கள் நம்பலாம். அந்த நம்பிக்கையைக் காப்பதுதான் முத்திரைச் சட்டத்தின் வேலை.

உரிமங்களைப் படித்துப் பார்த்தால் அவையே இதைச் சொல்லும். அப்பாச்சி 2.0 உரிமத்தின் 6-வது பிரிவு, பெயர்களையும் முத்திரைகளையும் பயன்படுத்த இந்த உரிமம் அனுமதி தருவதில்லை என்கிறது. மூன்று நிபந்தனைகள் கொண்ட பிஎஸ்டி உரிமம், உருவாக்கியவர்களின் பெயரை முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் விளம்பரத்துக்கோ பரிந்துரைக்கோ பயன்படுத்தக் கூடாது என்கிறது. 2007-ல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பும், இப்படிப்பட்ட கட்டுப்பாட்டைச் சேர்த்துக்கொள்ள 7-வது பிரிவில் இடம் கொடுக்கிறது. சுதந்திரத்தைப் பற்றி ஆழமாக யோசித்து எழுதப்பட்ட உரிமங்கள் இவை. பெயரைத் தனியே வைத்திருப்பதை அவற்றுக்கு முரணாக யாரும் நினைக்கவில்லை.

அதற்கு அனுபவமும் காரணம். 1990-களின் நடுவில், லினக்ஸ் உருவாக்கத்தோடு தொடர்பில்லாத ஒருவர் அமெரிக்காவில் அந்தப் பெயரைத் தனக்கென்று பதிவுசெய்துகொண்டு, அதை வைத்துத் தொழில் செய்த நிறுவனங்களிடம் பணம் கேட்க ஆரம்பித்தார். சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 1997-ல்தான் முத்திரை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கைக்கு வந்தது. பெயரை யாராவது பொறுப்போடு வைத்திருக்காவிட்டால் யாரோ ஒருவர் எடுத்துக்கொள்வார். நிரலைப் பொதுவில் வைக்கும் கட்டற்ற திட்டங்களுக்குள்ளேயேகூட இது சுலபமாக இருந்ததில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் முத்திரை விதிகளோடு ஒத்துப்போகாததால் 2006-லிருந்து டெபியன் என்ற வழங்கலில் அந்த உலாவி "ஐஸ்வீசல்" என்ற வேறு பெயரில்தான் இருந்தது. 2016-ல்தான் பழைய பெயர் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் டெபியன் பயனர்களின் கையில் இருந்தது அதே உலாவிதான். ஆகவே உங்களுக்கு வந்த மடலைப் பகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதனால் உங்கள் வாயைக் கட்டிவிட்டார்கள் என்றும் அர்த்தமில்லை. "எங்கள் குழு இந்த வழங்கலைப் பயன்படுத்துகிறது, பரிந்துரைக்கிறது" என்று பெயரைச் சொல்லிப் பேசுவதைப் பெரும்பாலான நாடுகளின் முத்திரைச் சட்டம் தடுப்பதில்லை. குறை சொல்வதையும் தடுப்பதில்லை. உபுண்டு என்ற வழங்கலின் ஒரு அம்சத்தை விமர்சித்த இணையதளத்துக்கு 2013-ல் அதை உருவாக்கும் கேனானிக்கல் நிறுவனம் முத்திரையைக் காட்டி மடல் அனுப்பியது. எதிர்ப்பு வந்ததும் அது தவறு என்று ஒப்புக்கொண்டு நிறுவனரே மன்னிப்புக் கேட்டார். உங்கள் விஷயத்தில் கோடு தாண்டப்பட்டது பேனரில்தான். மேடையில் பெரிதாகச் சின்னம், அதன் முன்னால் நின்று நீங்கள். பார்க்கிற யாரும் அதிகாரபூர்வம் என்றுதான் நினைப்பார்கள். பெரிய திட்டங்கள் பலவும் பயனர் குழுக்களுக்கென்று முத்திரைக் கொள்கை எழுதி வைத்திருக்கின்றன, கேட்டால் கொடுக்கவும் செய்கின்றன. கொள்கையைப் படியுங்கள், அனுமதி கேளுங்கள். வரும்வரை உங்கள் குழுவின் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். அது போதும்.

அந்த மூன்று வாக்கியங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான். மூன்றையும் நல்ல எண்ணத்தில் சொன்னீர்கள். ஒவ்வொன்றிலும் பாதி உண்மையும் இருக்கிறது. அந்தப் பாதியை முழுதாக்கிச் சொன்னதுதான் பிரச்சினை.

"வைரஸே வராது." மேசைக் கணினியில் லினக்ஸ் வைத்திருப்பவரை வைரஸ் போன்ற தீநிரல் தேடி வருவது குறைவு, உண்மை. ஆனால் 2016-ல் மிராய் என்ற தீநிரல் பிடித்து ஆட்டிய கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் ஓடியது லினக்ஸ்தான். நிரல் திறந்து கிடப்பதால் ஓட்டை உடனே கண்ணில் பட்டுவிடும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இணையத் தொடர்பை மறையாக்கிப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டை, வெளியான பதிப்புகளில் சுமார் இரண்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2014 ஏப்ரலில்தான் வெளியே வந்தது.

2024-ல் நடந்த எக்ஸ்இசட் விவகாரத்தையும் நீங்கள் மேடையில் சொல்ல வேண்டும் என்பேன். பல வழங்கல்களிலும் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள் அது. அதைப் பராமரித்தவர் ஏறக்குறைய தனி ஆள், களைத்துப்போயிருந்தார். ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக உதவி செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பை வாங்கிக்கொண்டு, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியமாக உள்ளே நுழையப் பின்வாசல் வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று விடாமல் தோண்டிப் பார்த்து, மார்ச் 29-ம் தேதி அதை உலகுக்குச் சொன்னார். பெரிய வழங்கல்களின் நிலையான பதிப்புகளுக்குள் அது போய்ச் சேருவதற்குள் தடுத்தாகிவிட்டது. நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. அதே திறந்த அமைப்புக்குள் ஒருவர் நல்லவர் வேடத்தில் நுழையவும் முடிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவர் பேச்சைப் பெற்றோர் நம்புவார்கள். ஃப்ராயிண்ட் அப்போது வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உங்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

"உளவு பார்க்கிறது." வழக்கறிஞராக என்னைக் கொஞ்சம் பயமுறுத்திய வாக்கியம் இதுதான். விண்டோஸ், கணினியின் பயன்பாட்டுத் தகவல்களைத் தன் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அவற்றில் கட்டாயமானவை உண்டு, பயனர் நிறுத்தக்கூடியவை உண்டு. இதை அந்த நிறுவனமே தன் ஆவணங்களில் எழுதியிருக்கிறது. அதை எடுத்துக்காட்டி, "எந்தத் தகவல் போகிறது என்று நம்மால் நிரலைப் பார்த்துச் சரிபார்க்க முடியாது, அதுதான் என் கவலை" என்று சொன்னால் அது நியாயமான விமர்சனம். "பிள்ளைகளை உளவு பார்க்கிறது" என்பது உள்நோக்கத்தோடு செய்யும் குற்றமாகக் காட்டுகிற வார்த்தை. பல நாடுகளின் அவதூறுச் சட்டத்தில், இப்படிச் சொன்னது உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு சொன்னவர் தலையில் விழும். ஒரு பள்ளிக் கூட்டத்துப் பேச்சுக்காக யாரும் உடனே வழக்குப் போட்டுவிடப் போவதில்லை. ஆனால் செய்தித்தாளில் உங்கள் பெயரோடு அச்சாகிவிட்டது. அதுவும் இல்லாத பதவியோடு. அப்போது வழங்கலின் அமைப்பையும் சேர்த்து இழுத்துவிட்டதாக ஆகிறது. அவர்கள் பதறியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

நம் பக்கமும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10, பயனர் தன் கணினிக்குள் தேடும் சொற்களை வெளியே அனுப்பி அமேசான் பொருள்களைக் காட்டியது. கடும் எதிர்ப்பு வந்தது. 2016-ல் வந்த 16.04 பதிப்பில்தான் அது இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது. மற்றவர்களைப் பற்றி நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு வார்த்தையும் ஒருநாள் நம்மைப் பற்றியும் பயன்படும். இரண்டு பக்கத்துக்கும் கூசாமல் சொல்லக்கூடிய வார்த்தையாகத் தேர்ந்தெடுங்கள்.

"ஒரு காசு செலவில்லை, எல்லாம் வேலை செய்யும்." ஆங்கிலத்தில் சுதந்திரம், இலவசம் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் இந்த இயக்கம் நாற்பது வருடமாக விளக்கம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. கட்டற்ற மென்பொருள் என்று அழகான சொல் இருக்கிறது. அதில் இலவசம் என்ற பொருளே இல்லை. அப்படி ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாமே "இலவசம், இலவசம்" என்று கூவுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உரிமத்துக்குக் காசு வேண்டாம், சரி. நிறுவ ஆள் வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும், பிரிண்டர் மக்கர் செய்தால் கூப்பிட ஒரு ஆள் வேண்டும்.

மியூனிக் நகர நிர்வாகம் 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பத்து வருடத்தில் சுமார் 15,000 கணினிகளை மாற்றியது. உலகம் முழுக்க நாமெல்லாம் அதை உதாரணமாகக் காட்டினோம். 2017-ல் அதே நகர மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. அதற்கு அரசியல் உட்பட எத்தனையோ காரணங்கள் சொல்லப்பட்டன. வெற்றி என்று நாம் அறிவித்த பிறகும் பயனர்களின் குறைகளைக் கேட்கும் வேலை முடியவில்லை என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட பாடம். பிரான்சின் ஜாந்தார்ம் காவல் படை வேறு விதமாகப் போனது. 2005-ல் அலுவலக மென்பொருளை மட்டும் ஓப்பன் ஆஃபிஸுக்கு மாற்றினார்கள். அடுத்து உலாவி, மின்னஞ்சல். கைக்குப் பழகிய மென்பொருள்கள் எல்லாம் இரண்டு பக்கமும் ஓடக்கூடியவையாக ஆன பிறகு, 2008-ல்தான் உபுண்டுவுக்கு மாறத் தொடங்கினார்கள். உங்கள் பள்ளிக்கு நான் சொல்லக்கூடிய வழியும் இதுதான்: முதலில் லிப்ரே ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள், ஃபயர்பாக்ஸ் உலாவி, ஒரு வருடம் போகட்டும்.

அதோடு, விண்டோஸ் 10-க்குக் கூடுதல் காலத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறும் திட்டம் ஒன்று இருக்கிறது என்பதையும் அந்த நிர்வாகத்திடம் சொல்லுங்கள். போட்டியாளரின் வழியை நாமே காட்டுவதா என்று குழுவில் கேட்பார்கள். அவசரத்தில் மாறிக் கைசுட்டுக்கொண்ட பள்ளி பத்து வருடத்துக்கு இந்தப் பக்கம் திரும்பாது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கமும் உண்டு. ஜிபிஎல்லில் "எந்த உத்தரவாதமும் இல்லை" என்ற பிரிவு இருப்பதால் நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று தன்னார்வலர்கள் நினைப்பதுண்டு. அந்தப் பிரிவு நிரலை எழுதி வெளியிட்டவர்களைக் காக்கிறது. நீங்கள் வாயால் கொடுத்த உறுதி உங்களுடையது. யாருடைய கோப்புகளாவது அழிந்துபோனால் அவர்கள் உரிமத்தின் பிரிவைத் தேடமாட்டார்கள், மேடையில் நின்றவரைத்தான் தேடுவார்கள். நிறுவிக் கொடுக்கும் முன் காப்புநகல் எடுத்தாயிற்று என்று கணினிக்குச் சொந்தக்காரரிடம் எழுதி வாங்குங்கள். அரைப்பக்கம் போதும்.

குறையைச் சொன்னால் ஆள் வரமாட்டார்கள் என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. டெபியன் 1997-ல் தன் பயனர்களோடு ஒரு சமூக ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் மூன்றாவது உறுதிமொழி: பிரச்சினைகளை மறைக்கமாட்டோம். அதன் வழுக்கள், அதாவது நிரலில் உள்ள பிழைகளின் பட்டியல் முழுவதும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. அதைப் பார்த்து மக்கள் ஓடிவிடவில்லை. உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாவற்றிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. இதைப் பெருமையாகவே சொல்லுங்கள், உண்மை. ஆனால் ஆசிரியர் கேட்டது பிரிண்டரைப் பற்றி. "உங்கள் பிரிண்டர் மாடலைச் சொல்லுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பதுதான் அவருக்கு வேண்டிய பதில்.

வேலை தரும் நிறுவனம்

இதைப் பற்றிப் பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். மூன்று இடங்களைப் பாருங்கள்: வெளிச் செயல்பாடுகள், நலமுரண், ஊடகங்களிடம் பேசுவது. நான்காவதாக, ஓய்வு நேரத்தில் நீங்கள் எழுதும் நிரலுக்கு யார் சொந்தக்காரர் என்ற பிரிவு இருந்தால் அதையும் பாருங்கள். தன்னார்வ வேலையை முழுவதுமாகத் தடுக்கும் பிரிவு அரிது. முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லும் பிரிவு சாதாரணம். இனிமேல் அலுவலக மடிக்கணினி, அலுவலக மின்னஞ்சல், அலுவலக நேரம் எதையும் குழு வேலைக்குத் தொடாதீர்கள். வாடிக்கையாளர் யாராவது இருக்கும் மேடை என்றால் போவதற்கு முன் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மூடிய மென்பொருள் விற்கும் இடத்தில் இருந்துகொண்டே கட்டற்ற மென்பொருளுக்கு உழைப்பதில் முரண் இல்லையா என்று நீங்களே உங்களைக் கேட்டிருக்கிறீர்கள். ஃப்ராயிண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜினாமா செய்யும் யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

குழு எதில் பேசலாம், எதில் பேசாமல் இருக்கலாம்

உரக்கப் பேசச் சொல்லும் நண்பர்களின் வாதத்தையும் மதிக்கிறேன். 2001-ல் மைக்ரோசாஃப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மர் ஒரு பேட்டியில் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டார். அந்தக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காயம் ஆறவில்லை. ஆனால் 2014-ல் அதே நிறுவனத்தின் அடுத்த தலைவர் சத்யா நாதெள்ளா லினக்ஸை நேசிக்கிறோம் என்று மேடையில் அறிவித்தார். 2016 நவம்பரில் அந்த நிறுவனம் லினக்ஸ் அறக்கட்டளையின் உயர்நிலை உறுப்பினராகச் சேர்ந்தது. அதை முழுக்க நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதிரியைத் திட்டுவதையே அடையாளமாக வைத்திருந்தவர்களுக்கு அதன்பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதைக் கண்ணால் பார்த்தேன். நம் வாதம் பயனரின் உரிமையைப் பற்றியது என்றால், எதிரே இருப்பவர் நண்பரானாலும் பகைவரானாலும் அது அப்படியே நிற்கும். பள்ளிக்கூடத்தில் விண்டோஸ் வைத்திருக்கும் ஆசிரியரைத் தாழ்த்திப் பேசுவது இன்னும் மோசம். அவர் தேர்ந்தெடுத்து வாங்கியதுகூட இல்லை அது, கணினியோடு வந்தது.

குழுவின் பெயரில் நிலைப்பாடு எடுப்பதற்கு ஒரு வழிமுறை இருக்க வேண்டும். டெபியனை இங்கேயும் பாருங்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கியவரும் சர்ச்சையில் விலகியவருமான ரிச்சர்ட் ஸ்டால்மன் 2021-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவுக்குத் திரும்பியபோது அதைப் பற்றி அறிக்கை விடலாமா என்று உறுப்பினர்கள் பல தெரிவுகளை வைத்து வாக்களித்தார்கள். இந்த விஷயத்தில் டெபியன் அறிக்கை விடாது என்ற தெரிவு வென்றது. தனி ஆட்கள் இரண்டு பக்கமும் தங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டார்கள், அது அவர்கள் உரிமை. 2023-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்ட வரைவு, தன்னார்வலர்கள் எழுதும் நிரல் மீதே சுமையை ஏற்றிவிடுமோ என்ற கவலை வந்தபோது, மறுபடி வாக்களித்து, அந்த முறை பொது அறிக்கை வெளியிட்டார்கள். தங்கள் வேலையை நேரடியாகத் தொட்ட இடத்தில் ஒரே குரலில் பேசினார்கள். உறுப்பினர்கள் பிரிந்து நின்ற இடத்தில் திட்டத்தின் பெயரை இழுக்கவில்லை. நாற்பது பேர் குழுவுக்குப் பெரிய சாசனம் வேண்டாம். வெளியே பேச யாருக்குப் பொறுப்பு, எந்த மாதிரி விஷயத்துக்கு எல்லாரையும் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி எல்லாரும் ஒப்புக்கொண்டால் போதும். யாராவது இலவச மடிக்கணினியோ ஸ்பான்சர் பணமோ கொடுத்தால் அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்வது என்றும் அந்தப் பக்கத்தில் சேருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

மன்னிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ், சக உருவாக்குநர்களைத் தன் கடுமையான மடல்கள் புண்படுத்தியதை ஒப்புக்கொண்டு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், சில வாரங்கள், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பொறுப்பிலிருந்து விலகி நின்றார், அக்டோபரில் திரும்பி வந்தார். அதனால் அவர் மரியாதை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் செய்தது அதைவிடச் சின்னது, சரிசெய்வதும் சுலபம்.

முதல் மடல் செய்தித்தாளுக்கு, இரண்டே வரி: நான் அந்த வழங்கலின் செய்தித் தொடர்பாளர் அல்ல, பயனர் குழு ஒன்றின் ஒருங்கிணைப்பாளர், திருத்தம் வெளியிடுங்கள். இரண்டாவது, வழங்கலின் அமைப்புக்கு: பேனரை எடுத்துவிட்டேன், செய்தித்தாளுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன், நகல் இதோடு இருக்கிறது, இனி சின்னத்தை எந்த அளவில் பயன்படுத்தலாம் என்று வழி சொல்லுங்கள். நிருபர் தவறாக எழுதினார் என்ற வாதத்தை அந்த மடலில் எடுக்க வேண்டாம். மூன்றாவது உங்கள் நிறுவனத்துக்கு, ஒப்பந்தத்தைப் படித்த பிறகு.

பள்ளிக்கு மடல் வேண்டாம், நேரில் போங்கள். வைரஸ் பற்றியும் செலவு பற்றியும் சொன்னதை நீங்களே திருத்திச் சொல்லுங்கள். உளவு என்ற வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள். தரவு பற்றிய கவலை உண்மையானது, அதை ஆவணத்தோடு விளக்குங்கள். பிரிண்டர் தெரிந்த ஒருவரைக் குழுவிலிருந்து கூட அழைத்துப் போங்கள். சரிசெய்ய முடியாத மாடல் என்று தெரிந்தால் அந்த மூன்று கணினிகளையும் பழையபடி ஆக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் அவதூறு பற்றி நான் சொன்னதை உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். மடல்களை அனுப்பும் முன் வரைவையும், ஒப்பந்தத்தில் நான் சொன்ன அந்தப் பிரிவுகளையும் எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.